தேனீயிலிருந்து பூ வரைக்கும்

ஜூன் 10, திங்கள்

நூல் மில்லுக்காரர்கள் பொங்கலுக்கு எங்கள் கம்பெனியில் ஆளுக்கொன்றாகக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகப் பீரோ மேல் தூசி படிந்து கிடந்தது. முன்பக்கங்கள் வெறுமையாகவே இருக்கட்டும் என்று நேராக ஜூனில் ஆரம்பிக்கிறேன்.

எழுதச் சொன்னது ஜெசிந்தா மிஸ். என் மகள் சஷ்மிதாவுக்கு இன்றைக்கு எல்.கே.ஜி. முதல் நாள். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, பெற்றோர்களை ஹாலில் உட்கார வைத்துப் பேசினார். தசரா லீவு வரைக்கும் அ, ஆ கிடையாது, ஏ, பி, சி, டி கிடையாது, வெறும் கோடுதானாம். ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், சாய்ந்த கோடு, வளைந்த கோடு. தாளில் புள்ளி புள்ளியாக இருக்கும். அதன்மேல் பிள்ளை பென்சிலை ஓட்ட வேண்டும்.

பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "கோடு போடறதுக்குங்களா மிஸ் ஸ்கூலு? அதைத்தான் செவுரு முழுக்கப் போடறானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. "கை தயாராகறதுக்கு முன்னாடி எழுத்தைக் குடுத்தா, குழந்தைக்கு எழுத்து மேலயே வெறுப்பு வந்துடும் சார்" என்றார். இருபத்திரண்டு வருடமாக எல்.கே.ஜி.தான் எடுக்கிறாராம்.

வீட்டில் பிள்ளை என்ன செய்தாள் என்று தினமும் இரண்டு வரி குறித்து வையுங்கள் என்றார். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஒருவரும் எழுதப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். நான் எழுதுவேன். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நிற்கிறவள் நான். சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, தையல் எங்கே விலகியிருக்கிறதோ அங்கே அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் பிழைப்பு. என் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் வெளியே போனதில்லை.

ஜூன் 14, வெள்ளி

முதல் தாள் வீட்டுக்கு வந்தது. இடது ஓரத்தில் ஒரு தேனீ, வலது ஓரத்தில் ஒரு பூ, நடுவில் புள்ளிக்கோடு. தேனீயைப் பூவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான்கு வரிசை.

பென்சிலை எடுக்கும்போதே கை மாற்றி எடுத்தாள். வாங்கி, வலது கையில் சரியாக வைத்துக் கொடுத்தேன். தாளைத் தொட்டதும் நழுவி விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அவளே பென்சிலை மேஜைக்கு அடியில் உருட்டிவிட்டு, தானும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"தேனீ தூங்குதும்மா" என்றாள்.

ஜூன் 18, செவ்வாய்

மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. தேனீ இன்னும் தூங்குகிறது.

ஜூன் 24, திங்கள்

வழி கண்டுபிடித்துவிட்டேன். அவளை மடியில் உட்கார வைத்து, அவள் கைமேல் என் கையை வைத்து, இரண்டு பேருமாக ஓட்டினோம். விஜயதசமிக்கு எல்லா வீட்டிலும் பிள்ளையின் விரலைப் பிடித்துத்தானே அரிசியில் எழுத வைக்கிறோம். எனக்கும் அப்படித்தான் எழுத்து வந்தது.

மூன்று தாள் முடிந்தது. ஒரு கோடுகூடப் புள்ளியை விட்டு விலகவில்லை. அவள் பாட்டுக்கு ஜன்னலில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோடு பாட்டுக்குக் கோடு வந்தது. நல்ல முன்னேற்றம்.

ஜூலை 3, புதன்

வகுப்பில் போட்ட தாள்களை ஒரு கட்டாகக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். எலியிலிருந்து வளைக்கு, முயலிலிருந்து கேரட்டுக்கு, குடையிலிருந்து மழைக்கு. எல்லாம் காலி. ஒன்றிரண்டில் மட்டும் கொசு உட்கார்ந்த மாதிரி பென்சில் முனை பட்ட தடம். மிஸ் ஒன்றும் எழுதவில்லை, தேதி மட்டும் போட்டிருக்கிறார்.

பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கொரு போட்டோ போடுகிறார்கள். ஒருத்தன் வட்டமே போட்டுவிட்டானாம். நான் கைதட்டும் பொம்மையைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் பீரோவை ஒழுங்கு செய்தேன். சஷ்மியின் ஆஸ்பத்திரி ஃபைல் கையில் அகப்பட்டது. முப்பத்தோராவது வாரத்தில் பிறந்தவள். முப்பத்தெட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். ஃபைலைக் கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். அதற்கு மேல் நாப்தலீன் உருண்டை போட்டேன். பீரோ இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

கம்பெனியில் செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே நிற்பவர் பாப்பாத்தி அக்கா. மூன்று பிள்ளைகளை வளர்த்து முடித்தவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"ஏன் சுகந்தி, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

சொன்னேன். கைபிடித்துப் போட்டால் கோடு ரொம்ப நேராக இருக்கிறது, மிஸ் கண்டுபிடித்துவிடுவார், தனியாக விட்டால் ஒன்றுமே வருவதில்லை என்றேன்.

"அட, இதுக்கா? நீயே போட்டுக் குடுத்துரு. சோத்தாங்கையில போடாத, ஒரட்டாங்கையில போடு. கோணக்கோணையா வரும். புள்ள போட்ட மாதிரியே இருக்கும். நானு மூணு புள்ளைகளுக்கும் அப்படித்தான் போட்டேன். மூத்தவன் இப்ப இன்ஜினீயரு."

இடது கையில் போட்டுப் பார்த்தேன். என்ன சொல்ல, என் இடது கைக்கு இன்னும் நான்கு வயதுதான் ஆகிறது. பூப்பக்கத்திலிருந்து இழுக்கத்தான் அந்தக் கைக்கு வாகாக இருந்தது. தேனீ குடித்துவிட்டுப் பறந்த மாதிரி கோடு வந்தது. பார்க்க அத்தனை நிஜமாக இருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

தாள் திரும்பி வந்தது. "நல்ல முயற்சி" என்று எழுதி, தங்க நிற ஸ்டார் ஒட்டியிருந்தார் மிஸ். சஷ்மி அதைப் பிய்த்து என் நெற்றியில் ஒட்டினாள்.

ஜூலை 28, ஞாயிறு

இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு இரண்டு தாள் வருகிறது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஒன்று, இட்லி வேகும்போது ஒன்று. இப்போது ஒரு தொல்லை. என் இடது கை தேறிவிட்டது. சாய்ந்த கோடெல்லாம் ஸ்கேல் வைத்தது போல வருகிறது. வேண்டுமென்றே நடுங்க வேண்டியிருக்கிறது. நடுங்குவதிலும் அளவு உண்டு. போன வாரத்தைவிட இந்த வாரம் கொஞ்சம் குறைவாக நடுங்க வேண்டும், அப்போதுதான் பிள்ளை தேறுகிறாள் என்று தோன்றும்.

இவர் பார்த்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் லோகநாதன் நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஃபிட்டர். பேச்சு அவருக்கு எண்ணெய் மாதிரி, சொட்டுச் சொட்டாகத்தான் விழும்.

"புள்ளையோடதை நீ ஏன் போடற?"

"கொஞ்ச நாளைக்குத்தானுங்க. அவளுக்கு வந்துட்டா நிறுத்திருவேன்."

"வராட்டி?"

குழம்பை இறக்கி வைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயிலில் கூட்டம். விபூதி வாங்க சஷ்மி கை நீட்டினாள். பூசாரி, "அந்தக் கை இல்ல அம்மிணி" என்றார். மாற்றி நீட்ட வைத்தேன். வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்று எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஜெசிந்தா மிஸ் வரச் சொல்லியிருந்தார். அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். குட்டி நாற்காலியில் உட்காரச் சொன்னார். மேஜையில் இடது பக்கம் வீட்டுத் தாள்கள், வலது பக்கம் வகுப்புத் தாள்கள்.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். நான் பார்க்காததா.

"கிளாஸ்ல ஒண்ணுமே வரல. வீட்டுல இவ்வளவு வருது. எனக்கு முதல்ல சந்தேகம் வந்தது."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அப்புறம்தான் கோட்டைப் பார்த்தேன். அழுத்தம் எல்லாம் வலது பக்கம் ஆரம்பிக்குது. பூவுலேருந்து தேனீக்கு இழுத்திருக்கா. இது இடது கையில போட்ட கோடு சுகந்தி. கிளாஸ்ல அவ பென்சிலை வலது கையிலதான் பிடிக்கறா. நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"ஆமாங்க மிஸ். பென்சிலுக்கு இந்தக் கைன்னு..."

"அதான். யாரும் கவனிக்காதப்ப வீட்டுல இடது கையில போட்டிருக்கா. சஷ்மிதா இடது கைக் குழந்தை. நாமதான் அவளைக் கட்டிப் போட்டிருக்கோம். திங்கள்கிழமையிலேருந்து இடது கையில குடுக்கப் போறேன். சரிதானே?"

சரியில்லை மிஸ், அது என் கை. ஒரே ஒரு வரி. அதைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. "சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்றிலிருந்து இடது கை. என் பித்தலாட்டத்தைக் காப்பாற்ற என் பிள்ளையின் கையை மாற்றிவிட்டேன். இன்றைக்கு இரண்டு பீஸில் ஓட்டையைப் பார்க்காமல் தள்ளிவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

பையில் ஒரு வகுப்புத் தாள் இருந்தது. தேனீயிலிருந்து பூவுக்குக் கோடு. நான்கு வரிசையிலும் கோடு. முதல் வரிசையில் புள்ளியை விட்டு மேலே ஏறி இறங்குகிறது. இரண்டாவதில் நடுவில் நின்று யோசித்துவிட்டுப் போகிறது. நான்காவதில் பூவைத் தாண்டி, தாளைத் தாண்டி மேஜைக்குப் போயிருக்கும் போல.

ஆயா யாராவது போட்டுக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். திருடிக்கு ஊரெல்லாம் திருட்டாகத்தானே தெரியும். காலித் தாள் ஒன்றை எடுத்துத் தரையில் போட்டேன். பென்சிலைப் பக்கத்தில் வைத்தேன். எந்தக் கையிலும் வைக்கவில்லை. வைக்காமல் இருக்க என் கையை நானே மடியில் இறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

சஷ்மி குப்புறப் படுத்தாள். பென்சிலை இடது கையில் எடுத்தாள். நாக்கு நுனியை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினாள். பென்சில் விழவில்லை. பூ வந்ததும் "ம்ம்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

"சாமி, முன்னெல்லாம் கேட்டா தேனீ தூங்குதுன்னு சொன்னயே, ஏன்?"

"அது அந்தக் கையில."

"எந்தக் கையில?"

வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "இது உன்ற கை. நீதான் புடிச்சுக்குவே." பிறகு பென்சில் இருந்த கையைக் காட்டினாள். "இது என்ற கை."

கையை மாற்றி எடுக்கிறாள் என்று ஜூன் மாதமே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். புரட்டிப் பார்த்தேன். எழுதியிருக்கிறேன், பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷம்தான். வெட்கமும்தான். இரண்டையும் பிரித்து எழுதத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

பாப்பாத்தி அக்காவிடம் சொன்னேன். அவரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "ஒரு கை சரியா வராட்டித்தான் புள்ளைக இன்னொரு கையில போடும்பாங்க. வலது கை நல்லாத்தான இருக்குது?"

அந்த ஒரு வார்த்தை போதும். மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போனில் தேடினேன். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை ஒரு கையையே பயன்படுத்தினால் மற்ற கையை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை.

இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது, எழுதிவிடுகிறேன். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வளர்ச்சி பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வயது வரைக்கும் போனேன். ஒவ்வொரு தடவையும் அவள் பந்தைப் பிடிக்கிறாளா, கட்டையை அடுக்குகிறாளா என்று அவர்கள் குறித்துக்கொள்ளும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வரும். நான் ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். ஒட்டின பீஸ் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த தேதிக்குப் போகவில்லை. அவர்கள் போன் செய்தபோது ஊரில் இல்லை என்றேன். இவரிடம், இனி வர வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள் என்றேன். அதற்குப் பயந்துதான் கோட்டையும் நானே போட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு எல்லாப் பிள்ளைகளும் போனபிறகு, குட்டி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன்.

"வீட்டுத் தாள் எல்லாம் நான் போட்டதுங்க மிஸ். என்ற இடது கையில."

சிரித்துவிடுவார் என்று உள்ளூர ஒரு நப்பாசை இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அம்மாக்கள் போட்டுக் குடுக்கறது எனக்குத் தெரியாததில்ல. அது வேற. நீங்க என்னை நம்ப வெச்சீங்க. உங்க கோட்டைப் பார்த்து நான் ஒரு குழந்தையோட கையை மாத்தியிருக்கேன். அவ வலது கைக் குழந்தையா இருந்திருந்தா? ஒரு டெர்ம் முழுக்க அவளைக் கெடுத்திருப்பேன். அதுக்கு யார் பதில் சொல்றது?"

"தப்புத்தானுங்க."

"அவ இடது கைக்காரியா இருந்தது உங்க அதிர்ஷ்டம். என் அதிர்ஷ்டமும்தான்."

அலமாரியைத் திறந்து என் தாள்களை எல்லாம் எடுத்துக் கையில் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஸ்டார். "இதெல்லாம் உங்களோடது. எடுத்துட்டுப் போங்க. இனிமே சஷ்மிதாவுக்கு வீட்டுத் தாள் கிடையாது. மாவு பிசையட்டும், துணிக்கு கிளிப் மாட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும். கோட்டை நான் பார்த்துக்கறேன்."

ஆஸ்பத்திரி விஷயத்தையும் சொன்னேன். அதற்கு மட்டும் அவர் குரல் இறங்கியது. "போயிட்டு வந்துடுங்க. நான் கேட்டுட்டே இருப்பேன்" என்றார்.

திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே போனதைவிட உடம்பு லேசாக இருந்தது.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்தது சஷ்மிதான். அப்பாவுக்குச் செய்த கொழுக்கட்டை உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது, அம்மாவுக்குச் செய்தது ரொட்டி மாதிரி. பிள்ளையாருக்கு வைத்ததில் அவள் விரல் தடம் எல்லாம் தெரிந்தது. வலது கையும் பிசைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிசைந்தது போலவும் இருந்தது, சும்மா வைத்திருந்தது போலவும் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைலையும் எடுத்து முன்னால் வைத்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் ஃபைலைப் புரட்டிக் கடைசித் தேதியைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை லீவு போடறேன். மூணு பேரும் போயிட்டு வந்துரலாம்" என்றார்.

செப்டம்பர் 12, வியாழன்

ஏழு மணி பஸ். சஷ்மிக்கு ஜன்னல் சீட். அவளுக்குத் திருவிழாவுக்குப் போகிற சந்தோஷம். நான் அவினாசி தாண்டுவதற்குள் ஃபைலை இரண்டு தடவை திறந்து மூடினேன்.

டாக்டர் புதியவர், சின்ன வயதுப் பெண். இரண்டு வருடம் ஏன் வரவில்லை என்று கேட்டார். வேலை, லீவு கிடைக்கவில்லை என்று தயாரித்து வைத்திருந்தேன். "பயமா இருந்துச்சுங்க டாக்டர்" என்றுதான் வாயில் வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு சஷ்மியிடம் திரும்பினார்.

பாட்டில் மூடியைத் திறக்கச் சொன்னார். மணி கோக்கச் சொன்னார். களிமண்ணை ஒவ்வொரு கையாலும் அழுத்தச் சொன்னார். இரண்டு கையாலும் தன் விரலைப் பிடித்து இழுக்கச் சொன்னார். வலது கையால் பந்து எறியச் சொன்னார். பந்து நேராக டாக்டரின் மேஜையில் இருந்த பேனா டப்பாவில் போய் விழுந்தது. கடைசியில் தாளில் ஒரு கோடு. அப்புறம் பழைய அட்டையை எடுத்து, முன்பு குறித்ததையெல்லாம் நிதானமாகப் படித்தார். அந்த நேரம் முழுக்க நான் சுவரில் இருந்த நாட்காட்டியின் தேதிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வயசு வரைக்கும் ரெண்டு கையையும் சமமா உபயோகிச்சிருக்கா. இப்பவும் ரெண்டு கைலயும் பலம் சமமா இருக்கு. வலது கை நல்லா இருக்கு. இவ இடது கைக்காரி, அவ்வளவுதான். இது குறையே இல்ல" என்றார். பிறகு, "உங்க குடும்பத்துல வேற யாராச்சும் இடது கையா?" என்று கேட்டார்.

"இல்லைங்க டாக்டர்" என்றேன் நான்.

"நானுங்க" என்றார் இவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"மூணாவது படிக்கறப்ப வாத்தியாரு இந்தக் கையைப் பெஞ்சோட சேர்த்துக் கட்டிப் போட்டுட்டாருங்க. அப்பறம் வலது கையில எழுதினேன். எழுத்து நல்லாவே வரலீங்க. எட்டாவதோட நின்னுட்டேன்."

டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். சஷ்மி பேனா டப்பாவிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே நீங்க இங்க வர வேண்டியதில்ல. இந்த ஃபைலை முடிச்சுடறேன்" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். நான்கு வருடம் எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேனோ அது இத்தனை சாதாரணமாக வந்தது. வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கூச்சமில்லாமல் அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "நல்ல சேதிங்க" என்று சொல்லி வாங்கிக் குடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் சஷ்மி இவர் மடியில் தூங்கிவிட்டாள். கல்யாணமாகி ஆறு வருடம். ஸ்பேனரை இவர் எந்தக் கையில் பிடிக்கிறார் என்று நான் ஒரு நாளாவது பார்த்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, நான் பென்சிலை மாத்தி மாத்திக் குடுத்தப்ப நீங்க பார்த்துட்டுத்தான இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

"நீ காலேஜு வரைக்கும் போனவ. நான் எட்டாவது. உனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்" என்றார்.

அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். பஸ்ஸில் அப்படிச் சாய்ந்து எத்தனையோ நாளாகிவிட்டது.

செப்டம்பர் 15, ஞாயிறு

எட்டு மணி வரைக்கும் தூங்கினேன். வீட்டில் யாரும் எழுப்பவில்லை.

வீட்டுத் தாள் கிடையாது என்று மிஸ் சொன்னதுதான் சொன்னார், சஷ்மிக்குத் தாள் இல்லாமல் ஆகவில்லை. கம்பெனியில் நூல் சுற்றி வந்த பழுப்புத் தாளை இவர் சுருட்டிக்கொண்டு வந்து, தானே புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறார். தேனீ வரையத் தெரியாமல் ஒரு ஓரத்தில் நட்டும் இன்னொரு ஓரத்தில் போல்ட்டும் வரைந்திருக்கிறார். தரையில் அவள் குப்புறப் படுத்திருந்தாள். பக்கத்தில் இவர் உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அப்பா, எனக்குக் கை வலிக்குது. இதை நீ போடு" என்று பென்சிலை நீட்டினாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன்.

பென்சிலை இடது கையில் வாங்கினார். முப்பத்தைந்து வயது விரல்கள், மெஷினில் உடைந்த ஊசியை ஒரே இழுப்பில் எடுக்கிற விரல்கள், புள்ளிக்கு மேல் போய் நின்று நடுங்கின. நான் வேண்டுமென்றே நடுங்கிய நடுக்கம் இல்லை இது. கோடு ஏறியது, இறங்கியது, போல்ட்டுக்கு அரை விரல் முன்னால் நின்றுவிட்டது.

"இன்னுங் கொஞ்சம் போவோணும்ப்பா" என்றாள் சஷ்மி.

போனார். அடுத்த வரிசையும் போட்டார். அதற்கு அடுத்ததும். பிறகு தாளின் அடியில், யாரும் கேட்காமலே, தன் பெயரை எழுத ஆரம்பித்தார். முதல் எழுத்து உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. போகப்போகச் சின்னதாகி, கடைசி எழுத்து தாளின் ஓரத்தில் இடமில்லாமல் முட்டி நின்றது. சஷ்மி அதற்குள் கிளிப் டப்பாவைக் கொட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவர் மட்டும் அந்தப் பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுகந்தி," என்றார் தலையைத் தூக்காமல், "இன்னொரு தாளு இருக்குதா?"